இரண்டு பெட்டிகளை வைத்த இடம்

இஞ்சின் மூடிக்குள் எல்லா இடமும் ஒரே அளவு சூடாக இருப்பதில்லை. சமையலறை மாதிரிதான் அதுவும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே வெண்ணெய் உருகாமல் இருக்கும் மூலை ஒன்று அங்கே உண்டு. அது எது என்று அந்த வீட்டில் சமைப்பவருக்குத்தான் தெரியும்.

நேற்று என்னிடம் கேட்டீர்கள் சார், அந்தச் சின்ன விமானத்தின் இக்னிஷன் பெட்டிகள் இரண்டையும் எங்கே பொருத்துவது என்று முடிவு செய்தது யார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள், "அதான் குழந்தைவேலுவே சொல்லிட்டாரே" என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை மூடிவிட்டார். அதனால்தான் காகிதம் கேட்டேன். தமிழில் எழுதினால் ஹிந்தியில் மாற்றிக்கொள்வதாகச் சொன்னீர்கள். மாற்றுகிறவர் ஒழுங்காக மாற்றுகிறாரா என்று இன்னொருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஆனால் படிக்க முடியும்.

என் பெயர் நாகமுத்து. வயது ஐம்பத்து நான்கு. பிறந்தது போர்ட் பிளேரில். என் பூட்டனைக் கைதியாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். விடுதலையான பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. இந்தத் தீவுக்கு வந்து ஹட் பே ஜெட்டிக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடங்களாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிங்கிப் படகு இஞ்சின், ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு எல்லாம் வரும். இந்தத் தீவில் என் கை படாத இஞ்சின் குறைவு. ஹிந்திக்காரர்களும் பெங்காலிகளும் என்னை 'மிஸ்திரி' என்பார்கள். சும்மா சொல்வதில்லை, மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

குழந்தைவேலு அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மின்துறை வேலைக்காக இங்கே வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் தங்கிவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகள் உமா மகேஸ்வரி, இருபத்தேழு வயது, இங்கேயே ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அண்ணாச்சிக்கு விமானப் பைத்தியம். வேலையில் இருந்தபோதே லீவு போட்டு மெயின்லேண்ட் போய்ச் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கி வந்தவர். ஓய்வு பெற்றதும் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக விமானம் கப்பலில் வந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம், பிரித்துப் போட்ட நிலையில். ஜெட்டியில் அதை இறக்கிய அன்றைக்கே நேராக என் பட்டறைக்கு வந்தார்.

"நாகமுத்து, வெளக்கப்படம் எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா இரும்பு எங்கையில பேசாது. உங்ககிட்டதான் பேசும். ரெண்டு பேரும் சேந்து கட்டுவோமா?"

நான் சரி என்றேன். அதற்குப் பிறகு ஆறு வருடம். ஜெட்டியிலிருந்து பதினோராம் கிலோமீட்டரில், கைவிடப்பட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டோம். தோட்டத்துக்கு நடுவே போகும் பழைய சாலை நூல் பிடித்த மாதிரி நேராகக் கடலைப் பார்த்துப் போகும். அதுதான் ஓடுபாதை. அனுமதிக் காகிதங்கள் போயும் வந்தும் கொண்டிருந்தன. அதை அவர் பார்த்துக்கொண்டார். இரும்பை நான் பார்த்துக்கொண்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த ஆறு வருடமும் நாங்கள் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். உமா எனக்கும் சேர்த்துத்தான் சமைப்பாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

நான்காம் வருடம் வரை எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனபோது, முந்தின நாள் நான் முடுக்கிய நட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்டில் மெல்லிய கோடு போட்டிருந்தது. பாதி நட்டின் மேல், பாதி தகட்டின் மேல். நட்டு தானாகக் கழன்றால் கோடு விலகித் தெரியும், அதற்காக, என்றார் அண்ணாச்சி. எல்லா இடத்திலும் வழக்கமாம். கோடு போட வேண்டுமென்றால் முதலில் ஸ்பேனரை வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா. அப்படியென்றால் நான் முடுக்கியதை அவர் ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போன பிறகு.

நாங்கள் தொடங்கிய நாளில், "நீங்க செஞ்சத நான் பாப்பேன், நான் செஞ்சத நீங்க பாக்கணும், ரெண்டு கண்ணு நாலு கண்ணாவும்" என்று அவர் சொன்னது உண்மைதான். நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் தொடங்கும்போது சொல்வது வேறு, நான்கு வருடம் கழித்துச் செய்வது வேறு. அவர் செய்ததை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. அது என் மரியாதை.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் எல்லாம் தெரியும் சார். போன் வந்தால் கொட்டகைக்கு வெளியே போய்ப் பேசினார். உள்ளே சிக்னல் இல்லை என்பார். என் போனுக்கும் அங்கே சிக்னல் இல்லைதான். ஆனால் நான் வெளியே போனால் அவருக்குக் கேட்கிற தூரத்தில் நின்று பேசுவேன். அவர் பலாமரம் வரைக்கும் போவார்.

இப்போது பெட்டிகளுக்கு வருகிறேன்.

அந்த இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். தீப்பொறியை அனுப்ப இரண்டு பெட்டிகள், சோப்புக்கட்டி அளவில். ஒன்று செத்தாலும் இன்னொன்று இஞ்சினை ஓட்டும். இரண்டு வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான். சூடு அவற்றுக்கு ஆகாது. எண்பது டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும்.

அவற்றை இஞ்சின் மேலேயே பொருத்திவிடலாம் என்று நான் சொன்னேன். வயர் நீளம் குறையும். இடது பக்கம் மேலே, காற்று நுழையும் துவாரத்துக்கு நேர் பின்னால், உள்ளங்கை அளவில் ஓர் இடம் இருக்கிறது. இஞ்சின் எவ்வளவு ஓடினாலும் அங்கே கை வைக்கலாம். நான் கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். யோசிப்போம் என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டகை மேசையில் ஆங்கிலத்தில் அச்செடுத்த தாள்கள் கிடந்தன. டீ கொண்டுவந்த உமாவிடம், இது என்னம்மா என்று கேட்டேன். அவள் ஒளிவுமறைவு தெரியாத பெண். நின்றபடியே எடுத்துப் படித்தாள்.

"அப்பா இன்டர்நெட்ல கேட்டிருக்காங்க சித்தப்பா. பெட்டிய எங்க மாட்டலாம்னு. எங்க மெக்கானிக் இஞ்சின் மேலயே வைக்கலாம்னு சொல்றாரு, நீங்க என்ன சொல்றீங்கன்னு. ஒன்பது பேரு பதில் போட்டிருக்காங்க. எல்லாரும் வீட்லயே பிளேன் கட்டுறவங்களாம்."

"என்ன சொல்றாங்க?"

"ஏழு பேரு நடுத்தகட்டுல வைங்கன்றாங்க. சைலன்சர் பக்கமே போகாதீங்க, ரெண்டையும் ஒரே எடத்துல வைக்காதீங்கன்னு. இதப் பாருங்க, ஒரு ஆஸ்திரேலியாக்காரரு..." என்று சிரித்தாள். "உங்க மெக்கானிக் இதுவரைக்கும் படகு இஞ்சின் மட்டும்தான் பாத்திருப்பாரு போலன்னு எழுதியிருக்காரு."

அவள் அடுத்த தாளைத் திருப்பினாள். நான் போதும் என்றேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசிக்கச் சொன்னது நான்தான். ஆனால் சார், முன்பின் தெரியாத ஒன்பது பேர், நடுக்கடலில் நின்றுபோன இஞ்சினை ஒரு நாளும் கழற்றிப் பார்த்திராதவர்கள், என் கையைப் பற்றிப் பேசும்படி ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். என்னிடம் நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும்.

இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தகட்டைத்தான் நடுத்தகடு என்போம். அண்ணாச்சி பெட்டிகளை அதில்தான் வைத்தார், இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. அவற்றைத் தாங்கும் பிராக்கெட் செய்து கொடுத்தது நான். அவர் சொன்ன இடத்தில் மாட்டினேன். மறுநாள் மஞ்சள் கோடு இருந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது சொர்ணம்மாவிடம் சொன்னேன். என் மனைவி. அவள் மெதுவாகச் சொன்னாள், "ஏங்க, அவரு உசிர வச்சு ஏறி ஒக்காரப் போறவரு. நாலு பேரக் கேக்கத்தான் செய்வாரு. இதுல என்ன வந்துச்சு?" அதற்குப் பிறகு நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் உமாவும் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். இங்கே ஒன்று சொன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஆறாம் வருடம் வினோத்குமார் வந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்த இஞ்சினீயர், முப்பத்தைந்து வயது இருக்கும். விமானத்தைப் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால்தான் பறக்க விடுவார்களாம். மூன்று நாள் அண்ணாச்சி வீட்டில் தங்கினார். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார், படம் எடுத்தார். என்னிடம் நன்றாகத்தான் பேசினார். "ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். அதிகம் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டாம் நாள் மாலை, வெல்டிங் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். வாசல் மேசையில் அண்ணாச்சி, வினோத்குமார், உமா மூவரும் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "நாகமுத்துக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. அந்த வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. உமா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. வேலை முடிந்தது, மிஸ்திரி இனி வேண்டாம். வினோத்குமார் போன்ற படித்தவர்கள் விமானத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். தீவில் முதன்முதலாகத் தன் கையால் விமானம் கட்டியவர் என்று குழந்தைவேலுவின் படம் வரும். என்னைப் பற்றி எழுதினால் 'உள்ளூர் மெக்கானிக் ஒருவர் உதவினார்' என்று எழுதுவார்கள்.

அண்ணாச்சி தனியாக நான்கு முறை பறந்தார். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சாலையிலிருந்து எழும்பி, கடலைத் தொட்டுத் திரும்பி வந்துவிடுவார். இஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ரேடியோவில் ஒரே இரைச்சல், பேசுவதே கேட்கவில்லை. பெட்டியிலிருந்து போகும் வயர்கள் நீளமாக இருந்ததுதான் காரணம். நான் முதலிலேயே சொன்னதுதான்.

நான்காவது முறை இறங்கியதும் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாகமுத்து, நீங்க சொன்னதுதான் சரி. வயரக் கொறைக்கணும். பெட்டிய இஞ்சின் மேலயே வச்சிருங்க, உங்க எடத்துல."

"ஆஸ்திரேலியாக்காரர்கிட்ட கேக்க வேண்டாமா அண்ணாச்சி?"

அவர் ஹெட்போனைக் கீழே வைத்தார். "அத மனசுல வச்சிருந்தீங்களா?" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். "இந்தத் தடவ நான் சரிபாக்க மாட்டேன். உங்க கை, உங்க எடம். போதுமா?"

இதைப் படிக்கும்போது உங்களுக்கு அவர் பெருந்தன்மையானவராகத் தெரியும். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடம் ஒவ்வொரு நட்டையும் சோதித்தவர் திடீரென்று சோதிக்க மாட்டேன் என்கிறார் என்றால், அதில் ஏதோ இருக்கிறது. ஒன்று, என்னைச் சோதிக்கிறார். அல்லது, பிறகு எது நடந்தாலும் நாகமுத்து செய்தது என்று சொல்வதற்கு வழி வைக்கிறார். எப்படிப் பார்த்தாலும் அது நம்பிக்கை இல்லை.

அந்த வாரம் அவர் கடைசி அனுமதிக் காகிதத்துக்காகப் போர்ட் பிளேர் போனார். ஐந்து நாள் கொட்டகை என்னிடம் இருந்தது. விமானத்தின் வாலைத் தென்னைமரத்தில் கட்டி இஞ்சினை ஓட்டினேன். துப்பாக்கி மாதிரி பிடித்துச் சூடு பார்க்கும் கருவி என்னிடம் இருக்கிறது. மூடிக்குள் பதினொரு இடங்களில் பார்த்தேன். என் இடம், இடது மேல் பக்கம், அரைமணி நேரம் ஓடிய பிறகும் ஐம்பத்து இரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. நான் சொன்னது சரி என்பது எனக்கு அப்போது முழுதாக உறுதியானது.

வலது கீழ்ப் பக்கம், சைலன்சருக்கு இரண்டு விரல் மேலே, நூற்றுப் பதினாறு.

நல்ல அலுமினியத் தகட்டில் புது பிராக்கெட் செய்தேன். ஓரங்களை அரம் போட்டு மழுக்கினேன். இரண்டு பெட்டிகளையும் அதில் சேர்த்து மாட்டினேன், வலது கீழ்ப் பக்கத்தில். மறுபடி ஓட்டினேன். பதினேழாவது நிமிடத்தில் ஒரு பெட்டி நின்றது. பதினெட்டாவது நிமிடத்தில் அடுத்தது. இஞ்சின் இருமக்கூட இல்லை, நின்றுவிட்டது. அரைமணி நேரம் ஆறவிட்டேன். இரண்டு பெட்டிகளும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலை செய்தன. ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம் என்பதால் மூன்று தடவை செய்து பார்த்தேன். பறக்கும்போது காற்று கொஞ்சம் அதிகமாக அடிக்கும். அதற்கு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டேன்.

பறப்பதற்கு முன் தரையில் இஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். பத்து நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் ஆறவிடுவார். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது.

அவர் வந்ததும் மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். "இடது பக்கம்ல சொன்னீங்க?" என்றார். இங்கே கீழிருந்து காற்று நேராக வருகிறது, வயர் இன்னும் நாலு இஞ்ச் குறைந்தது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எனக்குத் தெரிந்தது, கேட்க நினைக்கிறார் என்று. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார். "உங்களுக்குத் தெரியாததா" என்று மூடியை அவரே மூடினார். மஞ்சள் கோட்டை அன்று நானே போட்டேன். அவருடைய பாட்டிலிலிருந்து.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுத விரும்புகிறேன். யாருக்கும் உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இஞ்சின் நிற்க வேண்டும். அவர் பயப்பட வேண்டும். கீழே இறங்கி, நாகமுத்து என்ன ஆச்சு பாருங்க என்று என்னிடம் வர வேண்டும். நான் பெட்டிகளை இடது பக்கம் மாற்றிக் கொடுப்பேன். அதற்குப் பிறகு இந்த இஞ்சினை வேறு யாரும் தொட முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்திருக்கும். இதுதான் என் எண்ணம்.

இரண்டாவது ஆளை ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்று முடிவானது. பனைத்தோட்டத்திலிருந்து எழும்பி, ஜெட்டி மேலாகப் போய், கடற்கரையோரமாகத் தெற்கே போய்த் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம். இருபத்தைந்து என்று அவர் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் அவரும் உமாவும் என் பட்டறைக்கே வந்தார்கள். அண்ணாச்சி புதுச் சட்டை போட்டிருந்தார்.

"நாளைக்கு என் பக்கத்துல நீங்கதான் ஒக்காரணும். இதச் சொல்லாம வச்சிக்கிட்டு மூணு மாசமா எங்களால இருக்க முடியல. வினோத்குமார்கிட்டக்கூட உங்க எடையச் சொல்லித்தான் கணக்குப் போட்டோம்."

உமா சிரித்தாள். "சர்ப்ரைஸ் சித்தப்பா."

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, அந்தச் சின்ன இடத்தில் மடக்கி உட்கார முடியாது என்றேன். அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. அப்படியென்றால் தள்ளி வைப்போம், கால் சரியானதும் போவோம் என்றார். வேண்டாம், காகிதத்தில் தேதி போட்டு வாங்கியிருக்கிறீர்கள், வானமும் தெளிவாக இருக்கிறது என்றேன். உமா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், எடையும் குறைவு, இஞ்சினுக்கும் நல்லது என்றேன். அதை நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்ரோல் ஊற்றியது நான். உமாவை ஏற்றி, இரண்டு தோளிலும் பட்டையைப் போட்டுப் பூட்டியதும் நான்.

"சித்தப்பா, இஞ்சின் பக்காவா?"

"பக்கா பாப்பா. பயப்படாத."

"நீங்க கட்டுனதுல எனக்கென்ன பயம்" என்றாள்.

ஏழு ஐந்துக்கு எழும்பினார்கள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு வந்தேன். நான் எவ்வளவு வேகமாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன் என்று ஊரே வியந்தது. நீங்களும் கேட்டீர்கள். காரணம் சாதாரணமானது. என் டிங்கியை ஆறு மணிக்கே தண்ணீரில் இறக்கி, டேங்க் நிரப்பி, இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தேன். இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் போட்டு வைத்திருந்தேன். நான் ஜாக்கிரதையான ஆள். அந்த ஜாக்கெட்டுகளை விமானத்திலேயே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்தால் ஏன் என்று அவர் கேட்டிருப்பார்.

ஏழு இருபத்து நான்குக்குச் சத்தம் நின்றது. நான் கணக்குப் போட்டிருந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால்.

திரும்பும் வழியில், அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் இருந்தார்கள். அண்ணாச்சி நன்றாகத்தான் இறக்கினார். தட்டையாக, மெதுவாக வந்தார். ஆனால் அன்று அலை இருந்தது, சக்கரம் முதலில் தண்ணீரைப் பிடித்து, விமானம் மூக்கு குத்திக் கவிழ்ந்தது. நான் போனபோது அண்ணாச்சி வெளியே இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "பாப்பா, பாப்பா" என்றார். நான் குதித்தேன். மூன்று முறை மூழ்கினேன். உமாவின் அந்தப் பட்டைப் பூட்டு எனக்குத் தெரிந்த பூட்டு, நானே போட்டது. தண்ணீருக்குள் தலைகீழாக அது வேறு மாதிரி இருந்தது. நான்காவது முறை கழன்றது. அதற்குள் நேரமாகிவிட்டது.

என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விமானத்தைத் தூக்கினார்கள். வினோத்குமார் திரும்பி வந்து மூடியைத் திறந்தார். பெட்டிகள் இருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார்கள். பெட்டிகளை அங்கே வைக்கச் சொன்னது நான், நாகமுத்து வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார், நான்தான் ரேடியோ இரைச்சலுக்காகப் பிடிவாதமாக வைக்க வைத்தேன், என் மகளை நானே கொன்றேன் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சொர்ணம்மா அதைக் கேட்டு அழுதாள். "பாவம் அந்த மனுசன். உங்க மேல ஒரு சொல்லு வந்துறக் கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலைல போட்டுக்கிட்டாரு" என்றாள். நான் அழவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. ஒரு மனிதர் தான் செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால், அவருக்கு அதில் ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம்.

என்ன கிடைக்கிறது என்று போன வாரம் புரிந்தது. வினோத்குமார் என்னிடம் இரண்டு காகிதங்களைக் காட்டினார். ஒன்று, அனுமதி விண்ணப்பம். 'கட்டியவர்கள்' என்ற இடத்தில் நாகமுத்து என்று முதலிலும் குழந்தைவேலு என்று அடுத்ததாகவும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தின தேதி. தேதியை எப்படி வேண்டுமானாலும் போடலாம். இன்னொன்று, அந்த இன்டர்நெட் தாளின் அடுத்த பக்கம். ஆஸ்திரேலியாக்காரருக்கு அண்ணாச்சி பதில் எழுதியிருக்கிறார். இவர் கை வைத்த இஞ்சினை நம்பி இந்தத் தீவில் நூறு குடும்பம் கடலுக்குப் போகிறது, என் மகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேறு யாரையும் நான் நம்ப மாட்டேன் என்று. என்றாவது யாராவது இதை எனக்குக் காட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதியிருப்பார். நல்ல பெயர் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர்.

வினோத்குமாரின் மேசையில் அறிக்கையின் நகலும் இருந்தது. 'இக்னிஷன் பெட்டிகளின் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியவர்: குழந்தைவேலு' என்று அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். ஆனால் பொய்யை அச்சில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

அவருக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது சார். பதினொரு இடத்தில் சூடு பார்த்தது நான். மூன்று தடவை ஓட்டி நிமிடம் குறித்தது நான். பிராக்கெட் செய்தது, இரண்டு பெட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்தது, கோடு போட்டது, பாப்பாவை ஏற்றச் சொன்னது, பட்டையைப் பூட்டியது எல்லாம் நான். எப்போது நிற்கும், அப்போது அவர்கள் எதன் மேல் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியில் நாகமுத்து என்று திருத்தி எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தைவேலு அண்ணாச்சியிடம் ஒன்று சொல்லுங்கள். என் வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டதற்காக அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவரை மன்னித்துவிட்டேன்.